உங்க லேப்டாப் சார்ஜருக்கு ரீகால் வந்திருக்கா? 10 நிமிஷத்தில் பார்த்துடலாம்



மாசம் பிறந்ததும் சம்பளம் வந்ததா, இ.எம்.ஐ. போச்சா, எஸ்.ஐ.பி. கட்டாச்சானு எல்லாம் சரியா பார்க்கிறோம். ஆனா மேசைக்குக் கீழே தினமும் எட்டு மணி நேரம் சூடாகிக்கிட்டே கிடக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியை, அதாவது லேப்டாப் அடாப்டரை, கடைசியா எப்போ திருப்பிப் பார்த்தீங்க? நிறைய பேர் வாங்கின நாளோட சரி.

இன்னைக்குப் பாடம் அதைப் பத்தித்தான். சூடாகி உருகுற அபாயம் இருக்குன்னு கம்பெனிகளே திரும்ப வாங்கிக்கிட்ட அடாப்டர்களின் கதை. இது ஏதோ கேட்ஜெட் சமாச்சாரம் மாதிரி தெரியும். ஆனா ரிஸ்க்கை எப்படி எடை போடணும்னு கத்துக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு கம்மி. கடைசி வரை படிங்க, நடுவுல ஒரு சின்னக் கணக்கும் போடப் போறோம்.

ரீகால் வேற, வாரண்டி வேற

முதல்ல இந்த ரெண்டையும் பிரிச்சுக்கலாம். வாரண்டி என்பது "இத்தனை நாளுக்குள்ள ரிப்பேர் ஆனா சரி செஞ்சு தரோம்" என்ற வாக்குறுதி. அதுக்குக் காலக்கெடு உண்டு. பொருள் கெட்டுப்போன பிறகுதான் அது உங்களுக்கு உதவும்.

ரீகால் அப்படி இல்லை. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வித்த இந்த மாடல்ல பாதுகாப்புக் குறை இருக்கு. உங்க கையில இருக்கிறது நல்லா ஓடிக்கிட்டு இருந்தாலும் பயன்படுத்தாதீங்க. மாத்தித் தரோம்" என்று கம்பெனி அறிவிப்பதுதான் ரீகால். லேப்டாப் அடாப்டர் ரீகால்கள்ல பெரும்பாலும் வாரண்டி முடிஞ்சிருந்தாலும் மாற்றுப் பொருள் இலவசம்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. "ஒரு வருஷ வாரண்டி எப்பவோ முடிஞ்சுபோச்சே, இனிமே கம்பெனி என்ன பண்ணப் போகுது?" என்று நினைத்து அறிவிப்பையே படிக்க மாட்டாங்க. அந்த நினைப்பு எவ்வளவு தப்புன்னு ஒரு உண்மைச் சம்பவத்துல பார்க்கலாம்.

2014: ஒரு வயருக்காக 60 லட்சம் பேருக்கு அழைப்பு

2014 ஆகஸ்ட்டில் எச்.பி. நிறுவனம் உலகம் முழுக்க ஒரு ரீகால் அறிவித்தது. லேப்டாப்பை இல்லை, அடாப்டர் பெட்டியைக்கூட இல்லை. சுவர் பிளக் பாயிண்டிலிருந்து அடாப்டர் பெட்டிக்கு வரும் பவர் கேபிளை மட்டும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 56 லட்சம் கேபிள்கள், கனடாவில் சுமார் 4.46 லட்சம்.

அந்தக் கேபிள்கள் விற்கப்பட்டது 2010 செப்டம்பரிலிருந்து 2012 ஜூன் வரை. ரீகால் வந்தது 2014-ல். அதாவது கடைசியா வாங்கினவருக்குக்கூட இரண்டு வருஷம் ஓடிப்போச்சு. முதல்ல வாங்கினவருக்குக் கிட்டத்தட்ட நாலு வருஷம். ஒரு வருஷ வாரண்டியோட கணக்கை மூடிவிட்டவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கவே வாய்ப்பு குறைவு.

அடையாளம் ரொம்பச் சின்னது. அடாப்டரில் சொருகும் முனையில் "எல்.எஸ்-15" என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும். அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தவருக்குத் தெரியும், பார்க்காதவருக்குத் தெரியாது.

அதே வருஷம் டிசம்பரில் லெனோவோவும் ஒரு ரீகால் அறிவித்தது. அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் கேபிள்கள். அடையாளம்? அதே "எல்.எஸ்-15". பிராண்ட் வேற, கேபிளின் மேல இருந்த அச்சு ஒண்ணு. "நான் அந்தக் கம்பெனி லேப்டாப் வாங்கல, எனக்குக் கவலை இல்லை" என்று சொல்ல முடியாது. மேல ஒட்டியிருக்கிற பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே வரும் உதிரிப் பாகம் பல கம்பெனிகளுக்குப் பொதுவாக இருக்கலாம்.

இப்போ அந்தக் கணக்கு

எச்.பி. கேபிள் சூடாகி உருகியதாகவோ கருகியதாகவோ அப்போது வந்திருந்த புகார்கள் மொத்தம் 29. அதில் லேசான தீக்காயம் என்று 2 பேர், சின்னப் பொருள் சேதம் என்று 13 பேர்.

60 லட்சம் கேபிளுக்கு 29 புகார். வகுத்துப் பாருங்க. சுமார் 2 லட்சத்தில் ஒன்று.

சரி, ஒரு தீ விபத்தில் உங்களுக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்டம் வரும்னு வெச்சுக்கலாம். 10 லட்சத்தை 2 லட்சத்தால் வகுத்தா 5 ரூபாய். சராசரிக் கணக்குப்படி உங்க கேபிளால உங்களுக்கு வரக்கூடிய நஷ்டம் வெறும் 5 ரூபாய்! ஒரு டீ விலைகூட இல்லை. இதுக்குப் போய் ஒரு பெரிய கம்பெனி 60 லட்சம் கேபிளை மாத்தணுமா? நாம உட்கார்ந்து நம்பர் தேடணுமா?

கணக்கு சரிதான். ஆனா கேள்வி தப்பு.

ஏன்னா அந்த 5 ரூபாய் நஷ்டம் யாருக்குமே வராது. 2 லட்சம் பேரில் 1,99,999 பேருக்கு ஒரு பைசா நஷ்டமும் இல்லை. மீதி ஒருத்தருக்கு மொத்தமும் விழும். சராசரியைப் பார்த்து முடிவெடுக்கிறது எப்போ சரின்னா, அதே பந்தயத்தைப் பல லட்சம் தடவை ஆடுறவங்களுக்கு. உங்களுக்கு இருக்கிறது ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு வேலை. அந்த ஒருத்தர் நீங்களாக இருந்தால் 5 ரூபாய்க் கணக்கு எந்த ஆறுதலும் தராது.

நம்ம சேனல்ல டெர்ம் இன்ஷூரன்ஸ் பத்தி எத்தனை வீடியோ போட்டிருக்கோம்! அங்கேயும் இதே தர்க்கம்தான். நடக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, நடந்தா தாங்க முடியாத அடி. அந்த மாதிரி ரிஸ்க்கை, சின்னச் செலவில் அடுத்தவர் தலைக்கு மாத்த முடிஞ்சா மாத்திடணும். டெர்ம் இன்ஷூரன்ஸுக்கு நீங்க பிரீமியம் கட்டணும். ரீகாலில் பிரீமியத்தைக் கம்பெனியே கட்டிடுது. உங்க பங்கு பத்து நிமிஷம் மட்டும்.

இன்னொண்ணு. 29 என்பது புகார் கொடுத்தவர்களின் எண்ணிக்கை. வயர் கருகினதும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேற வாங்கினவங்க இதுல வர மாட்டாங்க. அதனால 2 லட்சத்தில் ஒன்று என்பதை வெளியே தெரிஞ்ச அளவாக மட்டும் எடுத்துக்கணும்.

சூடு எங்கே பிறக்குது?

நாம "சார்ஜர்" என்று ஒரே வார்த்தையில் சொல்றது உண்மையில் மூணு பாகம்: சுவரில் சொருகும் பிளக், அங்கிருந்து வரும் பவர் கேபிள், நடுவில் இருக்கும் அடாப்டர் பெட்டி. மூணுக்குமே ரீகால் வந்த வரலாறு உண்டு.

பெட்டிக்கு: 2004 அக்டோபரில் டெல் நிறுவனம் உலகம் முழுக்கச் சுமார் 44 லட்சம் அடாப்டர்களைத் திரும்பப் பெற்றது. 1998 செப்டம்பர் முதல் 2002 பிப்ரவரி வரை விற்றவை. அதிகமாகச் சூடாவதாக வந்திருந்த புகார்கள் 7.

கேபிளுக்கு: எச்.பி., லெனோவோ கதை மேலே பார்த்தோம். 2016 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் புரோ கருவிகளின் பவர் கேபிளுக்கு ரீகால் அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 22.5 லட்சம். சூடாகி நெருப்பு வந்ததாக 56 புகார், ஷாக் அடித்ததாக 5 புகார்.

பிளக்குக்கு: 2016 ஜனவரியில் ஆப்பிள், ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கொரியா, அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளுக்கான இரண்டு முனை பிளக்கைத் திரும்பப் பெற்றது. 2019 ஏப்ரலில் பிரிட்டன், ஹாங்காங், சிங்கப்பூருக்கான மூன்று முனை பிளக். இங்கே பிரச்சனை சூடு இல்லை. பிளக் உடைந்து மின்சாரப் பகுதி வெளியே தெரிந்து ஷாக் அடிக்கும் அபாயம். இந்த மூன்று முனை பிளக்குகள் 2003 முதல் 2010 வரை மேக் கணினிகளோடும் சில ஐபோன், ஐபேட் கருவிகளோடும் வந்தவை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நம்ம வாசகர்களே, வீட்டு டிராயரில் பழைய வெள்ளை பிளக் கிடந்தால் எடுத்துப் பாருங்க. உள்பக்கம் சொருகும் பகுதி சாம்பல் நிறத்தில் இருந்தால் அது மாற்றப்பட்ட புதிய வகை. முழுக்க வெள்ளையாக இருந்தால் சோதிக்க வேண்டியது.

சூடு எப்படி வருது? கூட்ட நேரத்துல பஸ் நினைச்சுக்கோங்க. ரோட்டில் எல்லாரும் தாராளமாக நடந்து வருவாங்க. நெரிசல் எல்லாம் படிக்கட்டில்தான். மின்சாரமும் அப்படித்தான். கேபிள் முழுக்க நிம்மதியாக ஓடும். உள்ளே கம்பி இழைகள் சில அறுந்திருந்தாலோ, முனையில் தொடர்பு லூஸாக இருந்தாலோ, அந்த ஒரு புள்ளியில் தடை கூடும். அங்கே சூடு பிறக்கும். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், தொடர்பு இன்னும் லூஸாகும், சூடு இன்னும் ஏறும்.

மைக்ரோசாஃப்ட் தன் ரீகாலுக்குச் சொன்ன காரணம் நம்ம எல்லாருக்கும் பாடம்: கேபிளை ரொம்ப இறுக்கமாகச் சுத்துவது, முறுக்குவது, நசுக்குவது, இதெல்லாம் நாளடைவில் சேர்ந்து சேதம் செய்யுது. தினமும் ஆஃபீஸ் கிளம்பும்போது அடாப்டர் பெட்டியைச் சுத்தி வயரை இறுக்கிக் கட்டிப் பையில் திணிக்கிறோம் இல்லையா? இன்னையிலிருந்து பெட்டியை விட்டுத் தள்ளி, பெரிய வளையமாகத் தளர்வாகச் சுத்துங்க. இதுக்குச் செலவு சைபர்.

பத்து நிமிஷச் சோதனை

இப்போ செய்ய வேண்டியது இதுதான்.

1. சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிடுங்க. பிறகு அடாப்டரைத் திருப்பி லேபிளைப் போட்டோ எடுங்க. மாடல் எண், பார்ட் நம்பர், சீரியல் நம்பர் மூணும் தெளிவாக விழணும். கேபிளின் இரண்டு முனைகளையும் தனியாக எடுங்க.

2. கேபிளைத் தடவிப் பாருங்க. முனையில் பழுப்பு நிறம், உருகின தடம், கருகின வாசனை, விரிசல், உள்கம்பி தெரிவது, இதில் எது இருந்தாலும் ரீகால் பட்டியலில் பெயர் வந்தாலும் வராவிட்டாலும் அது இன்னையோட ஓய்வு. இதமான சூடு சகஜம். கையை வைத்தபடி வைத்திருக்க முடியாத சூடு சகஜம் இல்லை.

3. லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தை நீங்களே டைப் செய்து போங்க. சப்போர்ட் பகுதியில் ரீகால் அல்லது பாதுகாப்பு அறிவிப்பு என்ற பக்கம் இருக்கும். சீரியல் நம்பரைக் கொடுத்தால் சொல்லிவிடும்.

4. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்திலும், ஓ.இ.சி.டி. அமைப்பு நடத்தும் உலக ரீகால் தளத்திலும் பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடலாம். பல நாட்டு அறிவிப்புகள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

5. இந்தியாவில் விற்கிற லேப்டாப் அடாப்டருக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். லேபிளில் "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்த உற்பத்தியாளர், எந்தப் பொருள் என்று காட்டும். எண்ணே இல்லை, அல்லது வேற பொருளைக் காட்டுது என்றால் புரிஞ்சுக்கோங்க.

6. கடைசியாக, உங்க லேப்டாப்பைக் கம்பெனி தளத்தில் பதிவு செய்யுங்க. ரீகால் வந்தால் மெயில் அனுப்ப அவங்களுக்கு முகவரி வேணும். நீங்க யார்னே தெரியாதவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?

பட்டியலில் இருந்தால்?

உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்க. "மாற்று வர்ற வரைக்கும் ஓட்டிக்கலாம்" வேண்டாம். கம்பெனி தளத்தில் விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண்ணைப் பத்திரப்படுத்துங்க. ஏற்கெனவே உங்க காசில் மாற்று வாங்கியிருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீங்க. சில ரீகால்களில் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கும்.

ஆஃபீஸ் லேப்டாப்பாக இருந்தால் நீங்களாக எதையும் மாத்தாதீங்க. போட்டோவோடு ஐ.டி. டீமுக்கு மெயில் போடுங்க. வாயால சொன்னா கணக்கில் வராது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது ஏதாவது நடந்தால் அந்த மெயில்தான் உங்க சாட்சி.

செகண்ட் ஹேண்டில் வாங்கினீங்களா? அப்போ உங்களுக்கு இந்தச் சோதனை இரண்டு மடங்கு முக்கியம். ரீகால் மெயில் பழைய ஓனருக்குப் போயிருக்கும். பொதுவாக ரீகால் பொருளைப் பொறுத்தது, வாங்கினவரைப் பொறுத்தது இல்லை. அதனால நீங்களும் கேட்கலாம். விற்கிறவராக இருந்தால், பட்டியலில் உள்ள அடாப்டரை அடுத்தவர் தலையில் கட்டாதீங்க. அமெரிக்காவில் ரீகால் ஆன பொருளை விற்பதே சட்டவிரோதம்.

ஒரு எச்சரிக்கை: "உங்க சார்ஜர் ரீகால் ஆகியிருக்கு, ரீஃபண்டுக்கு இந்த லிங்க்கைத் தொடுங்க" என்று மெசேஜ் வந்தால் தொடாதீங்க. ரீகாலுக்கு ஓ.டி.பி.-யும் வேண்டாம், யு.பி.ஐ. பின்னும் வேண்டாம். கம்பெனி தளத்துக்கு நேரடியாகப் போய்ச் சரிபாருங்க.

பட்டியலில் இல்லை, ஆனா சூடாகுது. அப்போ?

நம்ம ஊர்ல இதுக்குச் சட்டம் இருக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, விசாரித்த பிறகு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட அதிகாரம் உண்டு. ஏட்டில் மட்டும் இருக்கிற அதிகாரம் இல்லை. 2022 ஆகஸ்ட்டில், தரச் சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்த ஒரு பெரிய ஆன்லைன் தளத்துக்கு, விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்று வாங்கியவர்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க. ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிச்சாங்க.

முதல் படி, கம்பெனிக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குறையுள்ள பொருளால் காயமோ சேதமோ ஏற்பட்டிருந்தால் நஷ்ட ஈடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பொதுவாக இரண்டு வருஷத்துக்குள் போகணும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. எல்லா இடத்திலும் முதலில் கேட்கப் போறது பில். மெயிலில் "பில்கள்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைங்க.

"அதுக்கு 400 ரூபாய்ல ஒண்ணு வாங்கிடலாமே?"

பழைய அடாப்டர் போச்சுன்னா நிறைய பேருக்கு முதலில் வரும் எண்ணம் இது. உதாரணத்துக்கு ஒரிஜினல் 2,400 ரூபாய், தெருவோரக் கடையில் 400 ரூபாய்னு வெச்சுக்கலாம். மிச்சம் 2,000. மூணு வருஷம் ஓட்டினால் மாசத்துக்குச் சுமார் 55 ரூபாய் சேமிப்பு.

அந்த 55 ரூபாய்க்கு நீங்க எதை விட்டுக்கொடுக்கிறீங்க? பெயரில்லாத அடாப்டரில் குறை இருந்தால் ரீகால் அறிவிக்க யாரும் இல்லை. மெயில் அனுப்ப யாரும் இல்லை. வழக்குப் போட முகவரி இல்லை. எச்.பி. கேபிளில் 29 பேர் புகார் செய்ததால் 60 லட்சம் பேருக்கு எச்சரிக்கை போச்சு. 400 ரூபாய் அடாப்டரில் 29 பேருக்கு நடந்தாலும் முப்பதாவது ஆளுக்குத் தெரியவே தெரியாது. ரீகால் அறிவிக்கிற கம்பெனியைப் பார்த்து "இவங்க பொருள் மோசம்" என்று நினைக்கிறோம். ஒருநாளும் ரீகால் அறிவிக்க முடியாத பொருள்தான் அதைவிட ஆபத்து.

வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரு கொசுறு: தீ விபத்துக்கான "பாரத் கிருஹ ரக்ஷா" பாலிசியில் கட்டடம் உங்களுடையதாக இல்லாவிட்டாலும், வீட்டுக்குள் இருக்கும் உங்க பொருட்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். அதைப் பத்தித் தனியாக ஒரு பாடத்தில் பேசலாம்.

இந்த வார வீட்டுப்பாடம்

உங்க அடாப்டர், வீட்டில் தம்பி தங்கச்சியோட அடாப்டர், டிராயரில் தூங்குற பழைய கேபிள்கள் எல்லாத்தையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் பரப்பி, மேலே சொன்ன ஆறு படிகளையும் முடிச்சிடுங்க. எந்தக் கருவியோடது என்றே தெரியாத கேபிளை மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துடுங்க. சீரியல் நம்பர் போட்டோக்களை அதே "பில்கள்" ஃபோல்டரில் போட்டுட்டு, ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்க மொபைலில் ஒரு ரிமைண்டர் வைங்க.

ஊரில் அப்பா அம்மா பயன்படுத்துற பழைய லேப்டாப் இருந்தால் அதையும் மறந்துடாதீங்க. அவங்களை வீடியோ காலில் கூப்பிட்டு அடாப்டரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. அது பெரும்பாலும் நாம பயன்படுத்திட்டுக் கொடுத்ததாகத்தான் இருக்கும். அதாவது, வீட்டிலேயே பழைய சார்ஜர் அவங்ககிட்டதான் இருக்கும்.

அடுத்த பாடத்தில் சந்திப்போம்!